மூன்றாவது காயில்

மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பழுதுபார்த்த மோட்டாரை மேஜைமேல் வைத்து மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். அது எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் யாரும் பதறுவதில்லை. சுவிட்சை அணைத்து, இரண்டு ஒயரைக் கழற்றி, இதை அங்கேயும் அதை இங்கேயும் மாட்டி முறுக்குவார்கள். மோட்டார் சொன்ன பேச்சைக் கேட்கும். இதைத் தப்பு என்று யாரும் சொன்னதில்லை. எந்த நோட்டிலும் எழுதியதும் இல்லை. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாத வேலை, அதற்கு எதற்கு நோட்டு?

காயிலக்காவின் மானம் போனது இந்த இரண்டு ஒயரால்தான்.

காயிலக்கா என்பது அவளுக்குக் கல்லூரியில் வைத்த பெயர். அதற்கு முன்னால் இருபது வருஷமாக அவள் மோட்டார் கடைக்காரர் மனைவி, அவ்வளவுதான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நிற்கிற ஒற்றை அறைக் கடை அது. வார்னிஷ் வாசனை தெருமுனை வரைக்கும் வரும். வேலையைக் கற்றுக்கொடுத்தது கணவர்தான். இரண்டே வருஷத்தில் அவள் அவரை மிஞ்சிவிட்டாள். அதை அவரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். "நான் சுத்துனா மோட்டார் ஓடும். இவ சுத்துனா சத்தமில்லாம ஓடும்" என்பார். அவள் "போங்க, உங்களுக்கு வேற வேலையில்ல" என்று சொல்லிக்கொண்டே காதைத் தீட்டி வைத்துக்கொள்வாள். புகழ்ச்சி என்றால் யாருக்குத்தான் கசக்கும்? இவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இனிக்கும். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அந்தச் சாலையின் கோடியில் ஒரு பொறியியல் கல்லூரி. அதன் மூன்றாவது மாடி ஆய்வகத்தில் ஒரு குட்டி செயற்கைக்கோள் செய்துகொண்டிருந்தார்கள். குட்டி என்றால் நிஜமாகவே குட்டி, ஒரு ரொட்டிப் பாக்கெட் அளவு. அங்கே எல்லோரும் அதை டப்பா என்றுதான் சொன்னார்கள். துணிபோலச் சுருட்டி வைக்கக்கூடிய புதுவகை சூரியத் தகடு ஒன்றை அந்தக் கல்லூரிக்காரர்கள் உருவாக்கியிருந்தார்கள். தரையில் அது நன்றாக வேலை செய்தது. மேலே போய் ஒழுங்காக விரியுமா, விரிந்தாலும் அந்த வெயிலையும் குளிரையும் மாதக்கணக்கில் தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. பரீட்சை பார்க்காத சாமானுக்குப் பெரிய செயற்கைக்கோளில் எவன் இடம் கொடுப்பான்? அதனால் கையைக் கடிக்காத செலவில் சின்னதாக ஒன்று செய்து, அதில் வைத்து அனுப்பிப் பார்த்துவிடுவது என்று முடிவு. முடிவெடுத்தவர் அங்கே பேராசிரியையாக இருந்த ஒரு அம்மாள். எல்லோருக்கும் அவர் மேடம்.

சிக்கனம் என்றால் மேடத்திடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். டப்பாவின் ஆன்டெனா, தச்சர்கள் இடுப்பில் மாட்டியிருக்கிற இரும்பு டேப்பிலிருந்து வெட்டியது. அது மடங்கிக் கிடக்கக் கட்டிய கயிறு, மீன் பிடிக்கிற நரம்பு. கம்பியைச் சுற்றிச் செய்கிற காயில் மட்டும்தான் மலிவில் அகப்படவில்லை. வெளியே சொல்லிச் செய்தால் விலையும் தலையைச் சுற்றியது, எட்டு மாதம் காத்திருக்கவும் வேண்டியிருந்தது. அப்போதுதான் மேடத்துக்குத் தன் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஞாபகம் வந்தது. சத்தமில்லாமல் ஓடுகிற மோட்டார். வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவரே கடைக்கு நடந்து வந்துவிட்டார்.

"இதைச் சுத்த முடியுமாம்மா?"

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பி, நானூறு சுற்று.

"சுத்தறதுக்கு என்ன மேடம்? யானையைக் கொண்டாந்து நிறுத்துங்க, அதையும் சுத்தித் தரேன்."

மேடம் சிரித்துவிட்டார். அப்படித்தான் அவள் செயற்கைக்கோள் செய்கிறவளானாள்.

காயிலுக்கு அங்கே என்ன வேலை என்று மேடம் அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மேலே ராக்கெட்டிலிருந்து தள்ளிவிடும்போது டப்பா தலைகுப்புற உருண்டுகொண்டே போகும். பிடித்து நிறுத்த அங்கே சுவரா இருக்கிறது, தரையா இருக்கிறது? ஆனால் பூமி ஒரு பெரிய காந்தம். காயிலில் மின்சாரம் பாய்ந்தால் அதுவும் காந்தமாகும். பூமியின் காந்தம் இதை இழுக்கும், திசைகாட்டியின் முள்ளை இழுக்கிற மாதிரி. எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் என்று டப்பாவுக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கொடுக்கக் கொடுக்க, உருளுவது மெல்ல மெல்ல அடங்கும். மூன்று பக்கத்துக்கு மூன்று காயில். டப்பா அடங்கி நின்றால்தான் சூரியத் தகட்டை விரிக்கலாம். உருளும்போது விரித்தால் கிழிந்துபோகும்.

"அப்ப எல்லாம் நம்ம காயில் கையிலதான் இருக்கு" என்றாள் அவள்.

"உங்க கையிலதான் இருக்கு" என்றார் மேடம். அந்த ஒரு வாக்கியத்தை அவள் ஒரு வாரம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆய்வகத்தில் அவளுக்கு ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். டப்பாவை வைத்திருந்த கண்ணாடி அறைக்குள் போகத் தலைக்கு ஒரு உறை, காலுக்கு ஒரு உறை. கூடவே ஒரு பதிவேடு. மேடத்துக்கு அந்தப் பதிவேடு உயிர். "ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினாலும் எழுதணும். எழுதாத வேலை நடக்காத வேலை" என்பார். அவளும் நாக்கைக் கடித்துக்கொண்டு முத்து முத்தாக எழுதக் கற்றுக்கொண்டாள். தேதி, வேலை, மாற்றம், கையெழுத்து.

காயில் ஒவ்வொன்றையும் சுற்றி முடித்ததும் ஒரு சின்ன பேட்டரியில் கொடுத்துத் திசைகாட்டியைப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். முள்ளின் வடமுனை எந்த முகத்தை விட்டு விலகுகிறதோ அது காயிலின் வடக்கு. அங்கே ஒரு சிவப்புப் பொட்டு, அதைப் பார்த்துத்தான் டப்பாவுக்குள் எந்தப் பக்கமாக வைப்பது என்று தெரியும். முதல் இரண்டு காயிலும் இரும்புக் குச்சியில் சுற்றியவை, அவற்றுக்கு அப்படியே செய்தாள். மூன்றாவது தட்டையான சதுரச் சட்டத்தில் சுற்றுவது. அதில் கம்பி வெளியே வருகிற துளை கைக்கு இடைஞ்சலாக இருந்தது. சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு சுற்றினாள், வசதியாகப் போயிற்று. சுற்றி முடித்தபோது திசைகாட்டி மேஜையின் அந்தக் கோடியில் கிடந்தது. நாலு எட்டு வைத்தால் எடுக்கலாம். நாற்காலியை விட்டு எழச் சோம்பல். இரண்டு சரியாக வந்தது, மூன்றாவது மட்டும் மாறவா போகிறது, என் கை தப்புமா என்று நினைத்துக்கொண்டு சிவப்புப் பொட்டை வைத்துவிட்டாள். காயிலைச் சட்டத்தோடு ஒட்டி டப்பாவுக்குள் வைத்தாகிவிட்டது.

அதன்பிறகு ஆய்வகத்தில் அவள் வாய்க்குப் பஞ்சமே இல்லை. புரோகிராமர் என்று ஒருவன் இருந்தான். டப்பாவின் கம்ப்யூட்டருக்குக் கணக்கு எழுதுகிறவன். முப்பது தாண்டியவன், அதற்குள் நெற்றி உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. சாது. மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

"உன் கணக்கு தப்பலாம் தம்பி. என் கை தப்பாது" என்பாள்.

"ஆமாக்கா" என்பான் அவன்.

கடைசிச் சோதனை முடிந்த வாரம், டப்பாவை ராக்கெட்காரர்களிடம் ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது, அவள் கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு காயிலோடும் அதே மாதிரி இன்னொன்று உபரியாகச் சுற்றி வைத்திருந்தாள். மூன்றாவது காயிலின் உபரியை, அதே மாதிரிச் சட்டத்தில் அப்படியே கவிழ்த்துச் சுற்றியதை, எடுத்துப் பேட்டரியில் கொடுத்து, "பாருங்க, இந்தப் பொட்டு வெச்ச பக்கம் முள்ளு எப்படி விலகுதுன்னு" என்று திசைகாட்டியைப் பிடித்தாள்.

முள் விலகவில்லை. ஓடிவந்து பொட்டின்மேல் மூக்கை உரசிக்கொண்டு நின்றது.

"அடடா, என்ன அழகா திரும்புது!" என்றார் வாடிக்கையாளர்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பேட்டரியைச் சரியாகத்தான் மாட்டியிருக்கிறோமா என்று பார்த்தாள். ஒயரைத் தடவிப் பார்த்தாள். மூன்று முறை பார்த்தாள். முள் மூன்று முறையும் அதையே சொன்னது. கவிழ்த்துப் போட்டுச் சுற்றினால் திசை தலைகீழாகும் என்று நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். வாடிக்கையாளர் மிக்சியை வாங்கிக்கொண்டு போனது கூட அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் சொல்லிவிடுவது என்றுதான் போனாள். இதை அவளுக்காகச் சொல்லியாக வேண்டும். போகிற வழியெல்லாம் வார்த்தையைக் கோத்துக்கொண்டே போனாள். கண்ணாடி அறைக்கு வெளியே மேடம் ஐந்தாறு விருந்தாளிகளோடு நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. இவங்கதான் நான் சொன்ன காயிலக்கா. வெளியில வாங்கியிருந்தா இந்த டப்பாவே கிடையாது. இவங்க கைபட்டா தப்பே வராது."

அத்தனை பேரும் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒருவர் கைகூட குலுக்கினார். கோத்து வைத்திருந்தது ஒன்று, அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"மேடம், மூடறதுக்கு முன்னாடி அந்தக் கனெக்டரை ஒருவாட்டி பாத்துக்கறேன்."

"பாத்துக்கங்க, பாத்துக்கங்க. இந்த அக்கறைதான் நமக்கு வேணும்."

உள்ளே போய், மூன்றாவது காயிலின் கனெக்டரிலிருந்து இரண்டு ஒயரின் பின்னையும் ஊசியால் நெம்பி எடுத்து, இடம் மாற்றிச் செருகினாள். ஆறு நிமிஷம். மோட்டார் கடையில் ஆயிரம் முறை செய்த வேலை. இப்போது கோளாறு நேராகிவிட்டது, யாருக்கும் நஷ்டமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதிவேட்டை எடுத்தாள். தேதி. மூன்றாவது காயில், இணைப்பு சரிபார்க்கப்பட்டது. மாற்றம்: ஏதுமில்லை. கையெழுத்து. முத்து முத்தாக.

அன்றைக்கு மூன்று மணிக்கு அவள் டீயைத் தொடவில்லை. புரோகிராமர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "எல்லாம் சரியா இருக்குக்கா. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றான். இவனுக்கு என்ன தெரியும் கவலையைப் பற்றி என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து டப்பா மேலே போயிற்று, பெரிய செயற்கைக்கோள் ஒன்றுக்குத் துணையாக, ராக்கெட்டின் மூலையில் ஒண்டிக்கொண்டு. மூடியின் உட்பக்கத்தில் வேலை செய்த எல்லோருடைய பெயரையும் பொறித்திருந்தார்கள். அவள் பெயரும் இருந்தது. டயர் கடைக்காரர் ஒருநாள் விடாமல் வானத்தை அண்ணாந்து பார்த்து, "இப்ப நம்ம தலைக்கு மேல உங்க பேரு போயிட்டிருக்கும் இல்ல?" என்று கேட்டார்.

டப்பா காலையில் இரண்டு தடவை, சாயங்காலம் இரண்டு தடவை அந்த ஊருக்குமேல் கடந்து போகும். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம்தான் அதோடு பேசலாம். மொட்டைமாடி ஆன்டெனாவுக்குக் கீழே ஒரு சின்ன அறையில், கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ரேடியோக்காரர் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார். முதல்நாள் அதன் குரல் கேட்டபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினார். டப்பா உருளும்போது குரல் ஏறும், இறங்கும். நிமிஷத்துக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணினால் எவ்வளவு வேகமாக உருளுகிறது என்று சொல்லிவிடலாம். ஐந்து என்றார். அது எதிர்பார்த்ததுதான். மூன்றாம் நாள் காயிலுக்கு மின்சாரம் கொடுக்கச் சொல்லி ஆணை அனுப்பினார்கள். குறைய வேண்டியது ஏழாயிற்று. மறுநாள் பதினொன்று.

காயிலை அணைத்துவிட்டார்கள். அணைத்தால் மேலும் ஏறாதே தவிர, ஏறினது இறங்காது. உருளுகிற டப்பாவின்மேல் வெயில் ஒழுங்காக விழவில்லை, பேட்டரி தேய ஆரம்பித்தது.

திங்கட்கிழமை மேடம் எல்லோரையும் கூப்பிட்டார். "கடைசிச் சோதனைக்கு அப்புறம் யாராவது எதையாவது மாத்துனீங்களா? நான் திட்டமாட்டேன். தெரிஞ்சா போதும்."

அவள் மனசுக்குள் வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டிருந்தாள். நான் கெடுக்கவில்லையே, கெட்டதைச் சரிதானே செய்தேன்? சரியாக இருக்கிற ஒன்றை எதற்குச் சொல்ல வேண்டும்? புரோகிராமர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தான். யாரும் வாயைத் திறக்கவில்லை.

"சரி" என்றார் மேடம்.

புதன்கிழமை படிக்கட்டில் அவளைப் பார்த்ததும் மேடம் நின்றார். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது.

"பூமியோட காந்தத்தை அளக்கற சென்சார்தான்னு நினைக்கறேன். மலிவா கிடைக்குதேன்னு வாங்கினேன். என் தப்பு. வெள்ளிக்கிழமை அறிக்கை அனுப்பணும், அதுல அப்படியே எழுதிடறேன். இனிமே இந்த மாதிரி மலிவு டப்பாவுக்கு யாரும் காசு தரமாட்டாங்க, அது வேற விஷயம்." பிறகு அவள் தோளைத் தொட்டார். "உங்க காயில்மேல மட்டும் எனக்குத் துளி சந்தேகம் இல்ல. அந்த ஒரு நிம்மதியாவது இருக்கு."

ஒரு அறை விட்டிருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. அப்போதாவது சொன்னாளா? இல்லை. "உடம்பைப் பாத்துக்கங்க மேடம்" என்றாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

வியாழக்கிழமை மத்தியானம் கடையில் கணவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். அவள் கையை நனைக்கவில்லை.

"நாலு நாளா பாக்கறேன். என்னன்னு சொல்றியா, இல்ல நானா கற்பனை பண்ணிக்கணுமா?"

சொன்னாள். திசைகாட்டி, நாலு எட்டு, சிவப்புப் பொட்டு, ஊசி, பதிவேடு, எல்லாம். அவர் கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தே விட்டார்.

"ரெண்டு ஒயர் மாத்துன. இதுக்கா? நம்ம பொழப்பே அதுதானே?"

"எழுதலையே. கேட்டப்ப சொல்லலையே."

"ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு அவராகவே மறுபடி சிரித்தார்.

"ஞாபகம் இருக்கா, அந்த ஹோட்டல்காரர் மோட்டார்? எதிர்ல சுத்துதுன்னு காலையில நீ மாத்திட்ட. நீ மாத்துனது தெரியாம சாயங்காலம் நானும் மாத்திட்டேன். அந்தாளு கொண்டுபோய் மாட்டி, சொட்டுத் தண்ணி ஏறலன்னு வந்து குதிச்சாரே!"

அவள் நிமிர்ந்தாள். எதிர்ச்சுவரில் தொங்கிய கம்பி உருண்டைகளையே பார்த்தாள். இரண்டு பேர் மாற்றினால் மாற்றாத மாதிரி. கடைசிச் சோதனையின் எண்களையெல்லாம் உட்கார்ந்து அலசியவன் யார்? கண்ணாடியைத் துடைத்தவன் யார்? எல்லாம் சரியா இருக்குக்கா, கவலைப்படாதீங்க.

"ஐயோ" என்றாள். சாப்பாடு அப்படியே இருந்தது.

உடனே ஓடினாள் என்று சொல்ல ஆசைதான். ஓடவில்லை. அன்று சாயங்காலம் கல்லூரி வாசல் வரைக்கும் போய், காவல்காரர் "என்னக்கா, இந்த நேரத்துல?" என்று கேட்டதும் "சும்மா" என்று சொல்லித் திரும்பி வந்தாள். சாயங்காலத்து இரண்டு பத்து நிமிஷமும் அப்படியே போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை, டப்பா வர இருபது நிமிஷம் இருக்கும்போது மொட்டைமாடி அறைக்குப் போனாள். மேடம், புரோகிராமர், ரேடியோக்காரர் மூன்று பேரும் இருந்தார்கள். "பேட்டரி இன்னிக்குத் தாண்டறது கஷ்டம்" என்று ரேடியோக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கதவுப் பக்கத்திலேயே நின்றாள்.

"மேடம், மூணாவது காயிலை நான் தப்பா சுத்திட்டேன். திசைகாட்டி வெச்சுப் பாக்காமலேயே பொட்டு வெச்சேன். தெரிஞ்சப்புறம் கனெக்டர்ல ரெண்டு ஒயரையும் மாத்தினேன். மாற்றம் ஏதுமில்லன்னு எழுதிட்டேன். திங்கக்கிழமை நீங்க கேட்டப்பவும் சொல்லல."

சொல்லி முடித்ததும் அவள் மேடத்தைப் பார்க்கவில்லை, புரோகிராமரைப் பார்த்தாள். அவன் பேயறைந்த மாதிரி நின்றான்.

"அக்கா... நானும் மாத்தினேன்."

"என்ன மாத்தின?" என்றார் மேடம்.

"சோதனை எண்களைப் பின்னாடி பாக்கும்போது மூணாவது காயில் தலைகீழா இருக்கறது தெரிஞ்சுது மேடம். புரோகிராம்ல அதுக்கு ஒரு மைனஸ் போட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா அக்கா முகத்தை எங்க கொண்டுபோய் வெப்பாங்கன்னு..." அவன் நிறுத்தினான். "அவங்களுக்கு அவங்க கைதான் எல்லாம். அதனாலதான்."

அப்படியென்றால் இரண்டரை மாதமாக அவனுக்குத் தெரியும். கடைசிச் சோதனைக்கு அப்புறமும் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு என் கை தப்பாது தம்பி, தப்பாது தம்பி என்று அவள் அளந்த ஒவ்வொரு நாளும் அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஆமாக்கா என்றிருக்கிறான். தப்பாகச் சுற்றியதைவிட, மறைத்ததைவிட, அந்த ஆமாக்காதான் அவளைத் துண்டு துண்டாக்கியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சுவரோரமாகக் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

மேடம் சத்தம் போடவில்லை. ரேடியோக்காரர் பக்கம் திரும்பி, "எத்தனை நிமிஷம் இருக்கு?" என்று கேட்டார். பிறகு புரோகிராமரிடம், "அந்த மைனஸை எடு" என்றார்.

காலையில் வந்த முதல் பத்து நிமிஷத்தில் ஆணை போய்ச் சேரவில்லை. குரல் அவ்வளவு பலவீனமாக இருந்தது. இரண்டாவது தடவை, டப்பா அடிவானத்துக்கு இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், கேட்டது என்று ஒரு சின்ன பதில் வந்தது. சாயங்காலம் ரேடியோக்காரர் எண்ணினார். பத்து. சனிக்கிழமை ஏழு. திங்கட்கிழமை ஒன்றுகூட இல்லை, குரல் கோடு போட்ட மாதிரி நேராக வந்தது. செவ்வாய்க்கிழமை சூரியத் தகட்டை விரித்தார்கள். அது முழுசாக விரிந்தது. அறையில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவளும் கை தட்டினாள். சத்தமே வராமல் தட்டினாள்.

அதற்கு முன்பே பதிவேட்டு வேலை முடிந்திருந்தது. அந்தப் பதிவேட்டில் அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதியதன்மேல், எழுதியது படிக்கிற மாதிரியே ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். ஏதுமில்லை என்பதன்மேல் அவள் கோடு இழுத்தாள். 'இரண்டு ஒயரையும் இடம் மாற்றினேன். சொல்லவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து முத்து முத்தாக வரவில்லை. அடுத்த வரியில் புரோகிராமர் தன்னுடையதை எழுதினான்.

மேடம் படித்தார். "காயில் தப்பா போறது தப்பே இல்ல. அதுக்குத்தான் சோதனை வெச்சிருக்கோம்" என்றார். பதிவேட்டை மூடி வைத்தார். "திங்கக்கிழமை சொல்லியிருந்தா அந்தப் பேட்டரி இவ்வளவு அடி வாங்கியிருக்காது."

அவ்வளவுதான் சொன்னார். ஆறு மாதம் இருக்க வேண்டிய டப்பா ஏழு வாரம்தான் உயிரோடு இருந்தது, அடிபட்ட பேட்டரி அதற்குமேல் தாங்கவில்லை. சூரியத் தகடு விரியும், ஏழு வாரம் தாங்கும் என்பது நிச்சயமாயிற்று. ஆறு மாதம் தாங்குமா என்பதைச் சொல்ல டப்பா இல்லை. டயர் கடைக்காரர் இன்னமும் அண்ணாந்து பார்த்து "உங்க பேரு..." என்று ஆரம்பிப்பார். அவள் குனிந்துகொண்டு கடைக்குள் போய்விடுவாள்.

கோடை முடிந்து ஒருநாள் காலை மேடம் கடைக்கு வந்தார். அவள் மோட்டார் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மேடம் மேஜைமேல் ஒரு வரைபடத்தை விரித்தார். இரண்டு குச்சி, ஒரு சதுரம். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. மேடம் பைக்குள் கையைவிட்டு எதையோ எடுத்து அதன்மேல் வைத்தார். திசைகாட்டி.

தாள் பறக்காமல் இருக்கத்தான் வைத்தாரா, வேறு எதற்காவது வைத்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கிற துணிச்சலும் இல்லை. காதுமடல் சுட்டது.

"சுத்த முடியுமாம்மா?"

உள்ளே வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்த கணவர், யானை வரும் என்று காத்திருந்தார். யானை வரவில்லை.

"சுத்தறேன் மேடம்" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "தப்பா சுத்தினா அன்னிக்கே சொல்லிடறேன்."

மேடம் தலையசைத்தார். போகும்போது திசைகாட்டியை எடுத்துக்கொள்ளவில்லை.